ஆளுயரப் பருத்தி

— இது ஒரு வெரலுதான் பெருமாள்சாமி அண்ணாச்சி. இன்னும் ஒம்பது கெடக்கு. அந்தக் கேள்விய எழுதுனவ யாருன்னு சொல்லிட்டீருன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்.

— வெரலு கெடக்கட்டும் தம்பி. ரெத்தம் பொஸ்தகக் கட்டு மேல வடியுது. அத மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சிருதேன். தொண்ணூத்தி மூணாம் வருசத்துக் கட்டு, ஒரு மாசம் விட்டுப் போகாம இருக்கு.

— அருவாளோட நிக்கேன். நீரு பொஸ்தகத்தப் பத்திப் பேசுதீரு.

— பழைய பேப்பர் கடைக்காரன் வேற எதப் பேசுவான்? கழுகுமலையில ஒண்ணு, சங்கரன்கோயில்ல ஒண்ணுன்னு இருவத்தாறு வருசமாப் பொறுக்குனது. ஆடு வளக்க, குட்டை வெட்ட, வத்தல் போட, வீட்டுக்கு வேண்டியது எல்லாத்தையும் சொல்லிக் குடுத்த பத்திரிகை. ‘மேழிமுரசு’ முழு வரிசையும் இந்த ஒரு ரூமுலதான் இருக்கு.

— நல்லாப் பாத்துக்கிடும். இந்த அருவா எங்க வீட்டுப் பரண்ல முப்பது வருசமா சாக்குல சுத்திக் கெடந்தது. இன்னும் பதம் போகல. ஒம்ம ஸ்கேனர ரெண்டே வெட்டுல பொளந்துட்டு.

— அதப் பொளந்து என்ன செய்ய? படம் எல்லாம் வாட்ஸ்அப்புல எண்ணூறு பேருக்குப் போயாச்சு.

— அந்த எண்ணூறுல ஒருத்திதான செல்வமாரி? எங்க சித்தப்பா மக. புதியம்புத்தூருல பாவாடை தச்சிக்கிட்டுக் கெடந்தவ. அவ அப்பன், கடற்கரைச் சித்தப்பா, தொண்ணூத்தி நாலுல பம்பாய்க்குப் போனவரு திரும்பலன்னு நம்பிக்கிட்டு இருந்தவ. நீரு போட்ட ரெண்டு பக்கத்தப் பாத்துட்டு போலீஸ் ஸ்டேசன்ல போயி நின்னுட்டா.

— வேணும்னேவா போட்டேன்? மாசவாரியா வரிசையாப் போட்டேன். ஆவணி தொண்ணூத்தி மூணுல ஒங்க அப்பா கொம்பையா புதுக் குட்டை முன்னால நிக்காரு. பக்கத்துல தம்பி கடற்கரை மம்பட்டியோட. ‘பசுவந்தனையின் முன்னோடி விவசாயி’ன்னு தலைப்பு. தொண்ணூத்தி அஞ்சு தையில, கேள்வி பதில் பக்கத்துல ஒரு கேள்வி. அம்புட்டுத்தான்.

— அந்தக் கேள்விய வாசியும்.

— ஒங்களுக்குத்தான் மனப்பாடமா இருக்குமே.

— வாசியும்னேன்லா.

— வாசிக்கேன், கழுத்த விடுங்க. ‘எங்கள் காட்டில் வெட்டிய குட்டையை மூடிவிட்டோம். மூடிய இடத்தில் மட்டும் பருத்தி ஆளுயரம் வளர்கிறது. காரணம் என்ன? ஒரு வாசகி, பசுவந்தனை.’ பதில்: ‘அடியில் மக்கிய உரம் நிறைய இருக்க வேண்டும். கொடுத்து வைத்தவர் நீங்கள்.’

— சிரிக்கீரோ?

— வலியில வாய் கோணுது தம்பி. ஆனா ஒண்ணு கேக்கேன். கரிசக்காட்டுல வெட்டுன குட்டைய எவனாவது மூடுவானா? ஒரு சொட்டு மழைக்கு அண்ணாந்து கெடக்க ஊருல? போலீசுக்கு அது ஒண்ணு போதாதா?

— முந்தாநா ஜேசிபி வச்சுத் தோண்டுனாங்க. மண்டையோடு தனியா வந்துச்சு, ஒரு பக்கம் பொளந்து. எங்க அப்பாவுக்கு எழுவத்தி மூணு வயசு. ‘நாந்தான் செஞ்சேன்’னு ஒத்த வார்த்தை, வேற பேச்சே இல்ல. ஊரே பாக்க ஜீப்புல ஏத்துனாங்க. செருப்புப் போட விடல.

— கேள்விப்பட்டேன். எனக்கும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

— கஷ்டமாவா இருந்துச்சு? இந்தா, இதையும் வாங்கிக்கிடும்.

— ஐயோ, முட்டி. முட்டி போச்சு தம்பி.

— எழுதுனவ செல்வமாரி ஆத்தா காளீஸ்வரிதான? புருசன் அங்கன கெடக்கான்னு தெரிஞ்சுக்கிட்டே ஜாடையா எழுதிப் போட்டுட்டு, எங்க வீட்டுச் சோத்தையும் தின்னுருக்கா. பைக்கு வாசல்லதான் நிக்கி. இங்கன இருந்து நேரா புதியம்புத்தூரு. ஆத்தாளும் மகளும் ஒண்ணாப் போகட்டும்.

— அவிய எழுதல.

— அப்பம் யாரு?

— அவிய இல்லன்னு மட்டும் சொல்லுதேன்.

— பொஸ்தகத்துல பேரு இல்ல. ஒமக்கு எப்படித் தெரியும்?

— நாக்கு எனக்குச் சனி. பத்திரிகைய நிறுத்துனப்பம் ஆபீசுல கெடந்தத எல்லாம் எடைக்கு எடுத்தேன். வாசகருமாரு எழுதுன கடுதாசியும் மூட்டையா வந்துச்சு. எந்த இதழ்ல வந்துச்சோ அதுக்குள்ளயே அந்தக் கடுதாசிய வச்சிருக்கேன். அத மட்டும் ஸ்கேன் பண்ணல. பேரு போடாதீகன்னு எழுதுனவுகள நம்ம காட்டிக்குடுக்கலாமா?

— அப்பம் கடுதாசி இந்த ரூமுலதான் இருக்கு.

— தம்பி, தீப்பெட்டி அந்தச் சன்னல்ல இருக்கு. பொருத்திப் போடுங்க. ஒரு கட்டு விடாம எரிஞ்சு போகட்டும்.

— என்னது?

— எந்திரிக்க முடியல, இல்லன்னா நானே போடுவேன். எரிச்சுட்டுப் போயிருங்க. நான் யாருட்டயும் மூச்சு விடமாட்டேன்.

— இம்புட்டு நேரம் கட்டு மேல ரெத்தம் படுதுன்னு பதறுனீரு. இப்பம் கொளுத்தச் சொல்லுதீரு. அப்படின்னா காளீஸ்வரியேதான். அவள மறைக்கீரு. நான் கெளம்புதேன்.

— நில்லுங்க. தம்பி, நில்லுங்க. அந்தப் புள்ளைக ஒரு பாவமும் அறியாதுக.

— பேரச் சொல்லும்.

— என் வாயால சொல்ல மாட்டேன். மூணாவது தட்டு, நீலச் சணல் போட்ட கட்டு. தை இதழ். அருவாள அங்கன வச்சுட்டு எடுங்க.

— அருவா என் கையிலதான் இருக்கும்.

— மெதுவா, தாளு கிழிஞ்சிரும். ஆங், அந்த இன்லேண்டு கடுதாசிதான்.

— இந்த எழுத்து...

— அதுக்குத்தான் தம்பி எரிக்கச் சொன்னேன்.

— நான் ஆஸ்டல்ல படிக்கயில எனக்கு வாரா வாரம் வந்த எழுத்து இது. எங்க அம்மா எழுத்து.

— வெயிலுகந்தம்மாள், கொம்பையா சம்சாரம்னு கீழ போட்டிருக்கு. பாவம், அவியளும் மனச்சாட்சி தாங்காம, யாருட்டச் சொல்லன்னு தெரியாம, பத்திரிகைக்கு எழுதியிருக்காவ. பெத்தவ தம்பி. மேல கைய வச்சிராதீங்க.

— மூச். போன் போடுதேன், நீரும் கேளும். அம்மா.

— ஏலே முருகா, எங்கலே இருக்க? பரண்ல வெறுஞ் சாக்குதான் கெடக்கு. உள்ள இருந்த அருவாள நீயா எடுத்த?

— எங்கிட்டதான் இருக்கு. அது கெடக்கட்டும். தொண்ணூத்தி அஞ்சுல மேழிமுரசுக்குக் கேள்வி எழுதுனது நீயா?

— அது ஒனக்கு எப்படி...

— கடுதாசி என் கையில இருக்கு. அப்பாவக் காட்டிக்குடுத்தது நீதானா? சோறு போட்ட மனுசன? இந்தக் கடைக்காரன விட்டுட்டு ஒன்னத்தான் மொதல்ல வெட்டணும்.

— நான் யாரையும் காட்டிக்குடுக்கல. கடுதாசிய முழுசா வாசிச்சியா? அவிய பாதியத்தான் அச்சுல போட்டாவ. மறுபக்கம் திருப்புலே.

— ‘அந்தச் செடிகள் தனியாகத் தெரிகிறது. எல்லாரும் நின்று பார்க்கிறார்கள். அதை மற்ற செடி மாதிரி கட்டையாக்க என்ன மருந்து போட வேண்டும்? சீக்கிரம் பதில் போடவும்.’ என்னம்மா இது? பருத்தி வளரக் கூடாதுன்னு எவளாவது கேப்பாளா?

— ஒங்க அப்பா மண்ணத் தள்ளி மூடுனதோட சரி. இன்னைக்கு எனக்காகத்தான் அங்கன உக்காந்திருக்காரு. உச்சி வெயிலு, நீ ஆறு வயசுப் பய, வேப்பமரத்தடியில ஒறங்கிக்கிட்டு இருந்த. கடற்கரை என் சேலையப் பிடிச்சு இழுத்தான்.

— அம்மா.

— ஒன் கையில இருக்கே, அந்த அருவாதாம்லே.