நின்றபடி ஒன்பது நிமிடம்

— ஒம்போது நிமிஷம், எத்திராஜ் சார். இன்னிக்கு நீங்க மட்டும் ஒம்போது நிமிஷம் பேசினீங்க.

— அவ்ளோ ஆச்சா? எனக்குத் தெரியலம்மா சங்கமித்ரா.

— மீட்டிங் மொத்தமே பதினஞ்சு நிமிஷம் சார். நாம எட்டு பேரு. உக்காந்தா இழுத்துக்கிட்டே போகும்னுதான் எல்லாரையும் நிக்க வெச்சுக் கேக்கறேன். நேத்து என்ன பண்ணீங்க, இன்னிக்கு என்ன பண்ணப்போறீங்க, ஏதாச்சும் தடங்கல் இருக்கா. மூணு கேள்வி, அஷ்டே, அவ்ளோதான்.

— மூணுக்கும் பதில் சொன்னேனே.

— சொன்னீங்க. லாகின் ஸ்கிரீன டெஸ்ட் பண்ணீங்க, தேதி தப்பா வருதுன்னு கண்டுபுடிச்சீங்க. அதோட நிறுத்தியிருக்கலாம். அப்புறம் சில்க் போர்டு சிக்னல்ல பஸ் நின்னது, பொம்மனஹள்ளில எறங்கி நடந்தது, அரைக்கீரை வாங்கி மூணு தரம் அலசினது...

— நாலு தரம். மண்ணு போகவே இல்ல. நேத்து என்ன பண்ணீங்கன்னுதானேம்மா கேட்டீங்க?

— சார், லைன்ல அமெரிக்கா டீம் இருக்கு. அங்க அவங்க தூங்காம காத்துட்டு இருக்காங்க. அரைக்கீரைக்கு இங்கிலீஷ்ல என்னன்னு யோசிக்கவே உங்களுக்கு ஒரு நிமிஷம் போச்சு. நம்ம விக்கி சிரிப்ப அடக்க முடியாம போர்டு பக்கம் திரும்பிட்டான். நம்ம லாயிட் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்தே உட்டாரு.

— அந்தப் பக்கம் யாராவது சிரிச்சாங்களா?

— ஒருத்தர் சிரிச்சாரு.

— நல்லதாப் போச்சு.

— சார், நான் சீரியஸா பேசறேன். ஒரு மாசமா இப்படித்தான் நடக்குது. முன்னல்லாம் ரெண்டு வரி சொல்லிட்டுப் போயிடுவீங்க. டீம்ல என்ன பேசிக்கறாங்க தெரியுமா? பழைய ப்ராஜெக்ட் மேனேஜரு, கண்ணாடி ரூம்ல இருந்தவரு, இப்ப நம்ம கூட வரிசைல நிக்கறது அவமானமா இருக்கு, அதான் வேணும்னே கெடுக்கறாருன்னு.

— கேளும்மா. அந்தக் கண்ணாடி ரூம்ல நான் பதினோரு வருஷம் இருந்தேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் அனுப்புவேன். அத யாரு படிச்சாங்களோ, எனக்குத் தெரியாது. போன வருஷம், ரெண்டாயிரத்து ஆறுல, உங்கள ட்ரெயினிங் அனுப்பி இந்த முறையக் கொண்டாந்தாங்க. ரூம எடுத்துட்டாங்க. மொத நாள் நீங்க என் மொகத்தப் பாத்து, "சார், நேத்து என்ன பண்ணீங்க?"ன்னு கேட்டீங்க. அத என்கிட்ட ஒரு ஆளு கேட்டு மூணு வருஷம் ஆயிருந்துது.

— மூணு வருஷமா?

— என் வீட்டுக்காரி காந்தா தவறிப்போனது அப்பதான். குழந்தைங்க கிடையாது. வெள்ளிக்கிழமை உங்க எல்லாருக்கும் பை சொன்னா, திங்கக்கிழமை காலைல ஒம்போதரைக்குத்தான் திரும்ப வாயத் தொறப்பேன். நடுவுல கீரைக்காரம்மாகிட்ட ஒரு கட்டு குடுங்கன்னு சொல்றதோட சரி.

— எங்க ஜோகுபாளையம் வீட்ல ஏழு பேரு சார். நான் பேச வாயெடுத்தா நாலு பேரு குறுக்க வருவாங்க. எனக்கு இது... எனக்கு இது தோணவே இல்ல.

— உங்களுக்கு எப்படிம்மா தோணும்? சரி, என்னமோ சொல்ல வந்தீங்க. அதச் சொல்லுங்க. கைல பேப்பரக் கசக்கிட்டே இருக்கீங்க.

— அனந்தபத்மநாபன் சார் மெயில் போட்டிருக்காரு. மேனேஜர் சொன்னா நான் செஞ்சுதான் ஆகணும். திங்கக்கிழமைலேர்ந்து நீங்க காலை மீட்டிங்குக்கு வர வேணாம். என்ன பண்ணீங்கன்னு மெயில்ல ரெண்டு வரி எழுதிட்டாப் போதும்னு.

— ஓ.

— எனக்கே சங்கடமா இருக்கு சார். ரெண்டு நிமிஷத்துல முடிச்சுக்கறேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் போய் அவர்கிட்ட சண்ட போடறேன்.

— வேணாம்மா. திங்கக்கிழமைலேர்ந்து பேச மாட்டேன்.

— கோவமா சார்?

— இல்லவே இல்ல. நானே உங்ககிட்ட லீவ் கேக்க வரணும்னு மூணு நாளா நெனச்சிட்டிருக்கேன். திங்கக்கிழமை எனக்கு ஆபரேஷன். தொண்டைல. குரல்பெட்டிய எடுத்துடணுமாம்.

— எடுத்துட்டா?

— குரல் வராது.

— சார்...

— போன மாசம் டாக்டர் சொன்னாரு. அதுக்குள்ள வேண்டியவங்ககிட்டல்லாம் பேசிக்குங்கன்னாரு. வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிச்சேன். யாருகிட்டப் பேசறதுன்னே தெரியல. அடுத்த நாள் இங்க வந்தா, ஏழு பேரு வட்டமா நின்னுக்கிட்டு, எத்திராஜ் சார் நீங்க சொல்லுங்கன்றாங்க. சொல்ல ஆரம்பிச்சேன். நிறுத்தத் தோணல.

— தொண்டை கட்டியிருக்கு, குளிருன்னீங்க. தெனம் கேட்டேனே சார், ஏதாச்சும் தடங்கல் இருக்கான்னு. தெனம் இல்லன்னுதானே சொன்னீங்க?

— வேலைக்குத் தடங்கல் இருக்கான்னுதானேம்மா கேட்டீங்க. டெஸ்ட் பண்றதுக்குக் குரல் எதுக்கு?

— திங்கக்கிழமை உங்க கூட யாரு வராங்க?

— அதுக்குத்தான் ஆஸ்பத்திரில இந்த ஃபாரம் குடுத்தாங்க. கூட ஒரு ஆள் பேரு இருந்தாத்தான் சேத்துப்பாங்களாம். பேரு, என்ன உறவு, போன் நம்பர்.

— குடுங்க, பாக்கறேன்.

— உங்களக் கேக்காமலே எழுதிட்டேன்மா. ஸ்பெல்லிங் சரியா இருக்கான்னு மட்டும் பாத்துடுங்க.