சனிக்கிழமை வட்டத்தில் ஆள் குறையக் கூடாது

வீட்டுக்கு வந்தவர்களை வாசல்வரை வந்து வழியனுப்புவது என் பழக்கம். சிலரைத் தெருமுனைவரை. விசாரணைக் குழுவினரான நீங்கள் இதைக் கெட்ட குணமாக எழுதிக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

நான் மனநல மருத்துவர். மனநோயை மறைக்க வேண்டாம் என்று ஊர் முழுக்கப் பேசியவள். பத்து வருடமாகச் சனிக்கிழமை மாலைகளில், நூலக மாடியில் ஓர் ஆதரவுக் குழு நடத்தினேன். பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து தங்கள் பயங்களைப் பேசுவார்கள். குணமானவர் விடைபெறும்போது எல்லோரும் கைதட்டுவோம். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியதும் நான்தான், கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

போன வருடம் வரிசையாகக் கைதட்டினோம். மிஞ்சியது ஐந்து பேர். ஐந்து பேர் உட்கார்ந்தால் அது வட்டமாகத் தெரியவில்லை. பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. சனிக்கிழமை போனால் என் வாரத்தில் வேறு என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

கதவைப் பூட்டினோமா என்று இருபது முறை திரும்பிப் போய்ப் பார்க்கும் டீச்சர் ஒருவர் குணமாகிப் போயிருந்தார். அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன்.

"கதவ பூட்டிட்டீங்கல்ல டீச்சர்?"

"பூட்டிட்டேனே... ஏன் டாக்டர் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அந்தச் சனிக்கிழமை அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

பிறகு, புறாப் பயம் தீர்ந்து விடைபெற்றிருந்த தையல்காரரின் கடை வாசலில் ஒரு வாரம் தானியம் தூவினேன். புறாவுக்கும் பசிக்கும் அல்லவா. தையல்காரரும் வட்டத்துக்குத் திரும்பினார்.

அடுத்தவர் லிஃப்டுக்குப் பயந்த தபால்காரர். "இப்பல்லாம் எட்டாவது மாடிக்கே விசிலடிச்சிட்டுப் போறேன், டாக்டரம்மா. இனி எனக்கு இங்க என்ன வேலை?" என்று கிளம்பினார். நானும் கைதட்டினேன்.

திங்களன்று அவர் என் குடியிருப்புக்குத் தபாலோடு வந்து லிஃப்டில் ஏறியதும் அதன் மெயின் சுவிட்சை அணைத்தேன். நாற்பது நிமிடம். ஆறுதல் சொல்வதற்காகத் தண்ணீர் பாட்டிலுடன் படிக்கட்டில் தயாராக உட்கார்ந்திருந்தேன். அலறல் வரவில்லை. உள்ளே மாட்டிய வேறு மூவரைத் தேற்றும் அவர் குரல்தான் வந்தது.

"பதறாதீங்கக்கா. நாலு எண்ணி மூச்ச இழுங்க. எங்க டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது. தங்கமான மனுஷி."

"அந்தத் தங்கத்த முதல்ல கரண்ட் ஆபீசுக்கு போன் பண்ணச் சொல்லுப்பா," என்றது உள்ளிருந்து ஒரு கரகரத்த குரல்.

'தங்கமான மனுஷி' என்ற வார்த்தையில் எனக்குக் கண் கலங்கியது. காவலாளி என்னைச் சுவிட்சோடு சேர்த்துக் கேமராவில் பார்த்துவிட்டார். மற்றது உங்களுக்குத் தெரியும்.

ஆம், எல்லாவற்றையும் செய்தது நான்தான். ஒரு மருத்துவர் தன் சிகிச்சை உறுதியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது தவறா என்ன?

நீங்கள் என்னைப் பணியிலிருந்து நிறுத்திவைத்த பிறகு சனிக்கிழமைக் குழுவைத் தபால்காரரே நடத்துகிறார். இருபது பேர் வருகிறார்களாம். அவரோடு லிஃப்டில் மாட்டிய மூவரும் அதில் உண்டு.

நான் வாரம் ஒருமுறை வேறொரு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்களாம். சம்மதம். எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்க மூன்று நான்கு வருடமாவது ஆகும். சனிக்கிழமை மாலை என்றால் வசதி.