பிடிச்சிருக்கேன்

எங்கள் வீட்டில் கிழிந்த சட்டையைத் தூக்கிப் போடும் வழக்கம் இல்லை சார். வேன் துடைக்க ஆகும் என்று எடுத்து வைப்போம். அப்பா வாங்கிய வேன். அவர் போன பிறகு அவர் சட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அதைத் துடைத்தே தீர்ந்தன. தம்பி கையில் சுருட்டி வைத்திருக்கிறானே, நீலத் துணி, அதுவும் அப்பாவுடையதுதான். அதை அவனிடமிருந்து வாங்கிவிடாதீர்கள்.

பக்கத்து அறையில் அவன் உங்கள் போலீஸ்காரர்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறான். சுவர் தாண்டிக் கேட்கிறது. "நான்தான் சார் எதையோ சரியா முடுக்கலை. என் கையாலேயே என் பொண்டாட்டியைக் கொன்னுட்டேன்." அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. வளர்த்தவளுக்குத் தெரியாதா? அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன்.

அம்மா போனபோது அவன் தவழ்கிற பிள்ளை. சோறு ஊட்டியது, எழுத்துச் சொல்லிக் கொடுத்தது, சைக்கிள் பழக்கியது எல்லாம் நான்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன்.

"அக்கா, பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன், நீ நேரா பாரு."

கையை எடுத்து வெகுநேரம் ஆகியிருக்கும். அப்படிச் சொன்னதால்தான் அவன் விழவில்லை. நல்லதற்குச் சொல்கிற பொய்யை யாரும் பொய் என்று எண்ணுவதில்லை.

அவன் மனைவியைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கலகலப்பான பெண். "உங்க தம்பி இந்த வேனைப் பார்க்கிற பார்வையில பாதி என்னைப் பார்த்தா போதும் அண்ணி" என்பாள். நானும் சிரிப்பேன். ஊருக்கு அந்தப் பக்கம் தனியாக வீடு பார்த்தபோதுகூட என்னிடம் வந்து சொன்னவள் அவள்தான். தம்பிக்கு வாய் வரவில்லை. "நீங்களும் எங்களோட வந்துடுங்க அண்ணி. உங்களுக்குன்னு ஜன்னல் வச்ச ரூமாப் பார்த்து வச்சிருக்கேன்." நான் வளர்த்த பிள்ளையின் வீட்டில் எனக்கு ஓர் அறை தருகிறாள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

சாமான் ஏற்றப்போகிற வண்டி, பிரேக் இழுபறியாக இருக்கக் கூடாது என்று தம்பி வாசலிலேயே வேலையை ஆரம்பித்தான். பழைய பிரேக் ஷூவைக் கழற்றிப் புதிதாக மாட்டினான், பிரேக் ஆயிலையும் மாற்றினான். அதற்குப் பிறகு குழாய்க்குள் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். அது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் திருகைத் திறந்து மூட வேண்டும். அவன் வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். நான் சீட்டில்.

"அக்கா, நான் விடுன்னு சொல்ற வரைக்கும் காலை எடுத்துடாதே. எடுத்தா காத்து திரும்ப உள்ள போயிடும். அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது."

அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"ம், விடு."

நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு பேசி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அந்த வேலை முடியாமலே இருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. உள்ளே அவள் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். சர்ர், சர்ர் என்று அந்தச் சத்தம் வாசல்வரை வந்தது. தம்பி கடைசிச் சக்கரத்துக்கு நகர்ந்தான்.

"பிடிச்சிருக்கியா அக்கா?"

"பிடிச்சிருக்கேன்" என்றேன். என் கால் அப்போது பெடலில் இல்லை. அதற்குப் பிறகு அவன் கேட்டபோதெல்லாம் அதையேதான் சொன்னேன்.

"பெடல் எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு."

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "எதுக்கும் நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துடறேன்."

"தலையெல்லாம் ஆயில். முதல்ல போய்க் குளி. வண்டி எங்கேயும் ஓடிடாது."

என் பேச்சை அவன் தட்ட மாட்டான். போனான். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோதே அவள் சாவியோடு வந்தாள்.

"வேலை ஆச்சா அண்ணி? புது வீட்டுக்காரர் வெளியூர் கிளம்பறாராம், சாவியை வாங்கிட்டு வந்துடறேன்."

"ஆச்சு. மேட்டுத் தெரு வழியாப் போ. சீக்கிரம் போயிடலாம்."

வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவில் நிறுத்தினாள். நின்றது, தட்டுத் தடுமாறி. தலையை வெளியே நீட்டினாள்.

"என்ன அண்ணி, பெடல் மெத்துனு உள்ள போகுது?"

அந்த இடத்தில் நான் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

"புதுசு இல்லையா, அப்படித்தான் இருக்கும். ஓட்ட ஓட்டச் சரியாயிடும்."

"நீங்க சொன்னா சரி. டீ போட்டு வைங்க, வந்துடறேன்."

போட்டு வைத்தேன். மூன்று பேருக்கும்.

தம்பி தலை துவட்டிக்கொண்டே வந்தான். "வண்டி எங்கக்கா?" சொன்னேன். "ஐயோ, நான் இன்னும் ஓட்டிப் பார்க்கலையே" என்றான். துண்டு எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்கவில்லை, செருப்பில்லாமல் ஓடினான். எனக்காக அவன் ஒரு நாளும் அப்படி ஓடியதில்லை.

மேட்டுத் தெரு இறக்கத்தின் முடிவில் இருக்கிற சுவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். காற்றை உள்ளே விட்டது என் கால். அவனை ஓட்டிப் பார்க்க விடாமல் அனுப்பியது நான். அந்த வழியைச் சொன்னதும், அவள் கேட்டபோது சரியாகிவிடும் என்றதும் நான். திருகுகளை அவன் நன்றாகத்தான் முடுக்கியிருக்கிறான். இதை முதலில் அவனிடம் போய்ச் சொல்லுங்கள், பாவம், மனசு லேசாகும். அப்படியே என்னை எங்கே வைக்கப்போகிறீர்கள், பார்க்க வருகிறவர்களை எந்த நேரத்தில் விடுவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விடியும் முன்னே வந்து வாசலில் காத்துக் கிடப்பான்.