மலை ஏறும் ஆறு

பிள்ளைகளே, நேற்று எல்கடுவயிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். மாத்தளை ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் சின்ன மகனைப் பார்க்கப் போகிறார்கள். கதை சொன்னால்தான் அவன் கஞ்சி குடிப்பானாம்.

“நம்ம கதை நாட்டுல ஆறு மலை ஏறுதுன்னு சொல்லிட்டேங்க,” என்றாள் அவள். “மேல் லயத்து வீடுகளுக்குத் தண்ணி தூக்க வேணாமேன்னுதான். அப்ப கீழ உள்ளவங்க எதைக் குடிப்பாங்கன்னு கேட்டுட்டு, கஞ்சி வேணாம்னு வாயை மூடிக்கிட்டான். பதில் இல்லாம எப்படிப் போறது?”

“கிணறு வெட்டிக்கிட்டாங்கன்னு சொல்லு,” என்றான் புருசன்.

“நீங்க வெட்டுன கிணத்துல தண்ணி வந்திச்சா?”

அவன் சிரித்துவிட்டு வெளியே பார்த்தான்.

“ஆறும் தூங்கணும்ல,” என்றாள் அவள். “ராத்திரி தூங்குறப்ப வழுக்கிக் கீழ வந்துரும்.”

“அப்ப கீழ உள்ளவங்க ராவெல்லாம் முழிச்சிருக்கணுமே?”

“ஆமா. அவங்களுக்கு வயல் வேலை, கல்யாணம் எல்லாம் ராத்திரியிலதான்.”

“மேல உள்ளவங்களும் அவங்களும் ஒருத்தர ஒருத்தர் பார்க்கவே மாட்டாங்களா, புள்ள?”

“அது நாளைக்கு. நாளைக்கும் அவன் குடிக்கணுமில்ல.”

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அவர்கள் இறங்கிப் போனார்கள். நான் வீட்டுக்கு நடந்து வரும் வழியில், ஓடைப் பாலத்தில் நின்று ஒரு இலையைத் தண்ணீரில் போட்டேன். அது கீழேதான் போனது. இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன்.