தண்ணீர் வாசலை மறித்த படகு

மேசை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பின்னாளில் அந்தக் குணமே எனக்குப் பிழைப்பாகிவிட்டது. பெரிய கம்பெனிகள் தங்கள் அதிகாரிகளை வெனிஸுக்கு அழைத்து வந்து சில நாள் சீராட்டும். மாளிகை, படகு, பூ, வாத்தியம், சாப்பாடு எல்லாம் என் பொறுப்பு. விருந்தாளிகள் எதையும் கவனிக்கக் கூடாது ஐயா. கவனித்துவிட்டால் நான் தோற்றுவிட்டேன் என்று பொருள்.

இந்த முறை வந்தவர்கள் ஜூரிக்கிலிருந்து. இதயத்துக்குப் பொருத்தும் கருவிகள் செய்கிற கம்பெனி. பாதிப் பேர் இதய மருத்துவர்கள். தலைவி திருமதி ஷ்டுக்கி அதிகம் பேச மாட்டார். போன வருஷம் லிஸ்பனில் விருந்து நடக்கும்போது பக்கத்துத் தெருவில் யாரோ சுவரை இடித்தார்களாம். அத்தோடு அந்த ஏற்பாட்டாளரைக் கைகழுவிவிட்டார்.

என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “எனக்கு அமைதி வேணும், ஃபோஸ்கா. மத்ததெல்லாம் எங்க போனாலும் கிடைக்கும்.”

நான் பிடித்திருந்த மாளிகையில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. முற்றத்துக்கு மேலே, இடைமாடியில் குடியிருந்த ஆன்ஸோலோ. பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். மாளிகையை வாங்கியவர்கள் எவ்வளவோ பேசிப் பார்த்தும் அந்த இரண்டு அறையை விட்டு அவர் நகரவில்லை. முற்றத்தில் விருந்து நடந்தால் ஜன்னலில் தன் உள்ளாடைகளைக் காயப்போட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே தலையை நீட்டி வேடிக்கை பார்ப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். என் அப்பாவோடு சீட்டாடியவர்.

விருந்துக்கு முந்தின வாரம் கேக்கும் மதுப்புட்டியும் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

“வாம்மா. லஞ்சம் வந்தா பின்னாலயே நீ வருவேன்னு தெரியும். இந்த வாட்டி யாரு?”

“டாக்டருங்க, மாமா. ஒரு மதியம் மட்டும் ஜன்னலைச் சாத்தி வைங்க. என் மானத்தக் காப்பாத்துங்க.”

“போன வாட்டி வந்தவங்க கோயிலை விட்டுட்டு என் ஜட்டியையில்ல போட்டோ புடிச்சாங்க! சரி போ. ஆனா பட்டாணிச் சோறு ஒரு தட்டு மேல வரணும். சூடா வரணும். ஆறிப்போனா நான் பாட ஆரம்பிச்சிடுவேன்.”

சொன்ன வார்த்தையை அவர் காப்பாற்றினார். அதை நீங்கள் பதிந்துகொள்ள வேண்டும். அன்று கொடியில் ஒரு துணிகூட இல்லை.

பட்டாணிச் சோறு பரிமாறத் தொடங்கியபோது நானே அவருக்குத் தட்டை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அவர் ஜன்னலுக்கு அடியில் கிடந்தார். ஒரு கை நெஞ்சில், ஒரு கை ஜன்னல் தாழ்ப்பாளை எட்டிக்கொண்டிருந்தது. முகம் சாம்பல் நிறம்.

“ஃபோஸ்கா... நெஞ்சு அடைக்குது... யாரையாச்சும் கூப்பிடு.”

“கூப்பிடுறேன் மாமா. பேசாதீங்க. அசையாம படுங்க.”

தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்தேன். படுக்கையில் கிடந்த அவர் போனை என் பையில் போட்டுக்கொண்டேன். அந்த நிலையில் அவர் பேசுவது உடம்புக்கு நல்லதல்ல. வெளியே வந்து கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

யோசித்துப் பாருங்கள். மாடிப்படி முற்றத்தில்தான் வந்து இறங்குகிறது. தூக்குப் படுக்கையைக் கொண்டுவந்தால் மேசைகளுக்கு நடுவே வர வேண்டும். பின்பக்கம் கால்வாய்க்குத் திறக்கும் தண்ணீர் வாசலிலோ, சமையல்காரர்கள் அடுப்பு மூட்டியிருந்த படகு நின்றது. அதை நகர்த்தினால் அடுப்பை அணைக்க வேண்டும். அப்போதுதான் திருமதி ஷ்டுக்கி பேச எழுந்திருந்தார். பேச்சும் இனிப்பும் முடிந்ததும் கூப்பிடுவதாகத்தான் இருந்தேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மேலே தரையில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. வாத்தியக்காரர்களிடம் கொஞ்சம் உற்சாகமாக வாசிக்கச் சொன்னேன்.

எதிர்வீட்டுப் பெண்மணி காது கூர்மையானவர். ஆன்ஸோலோ அலறியதைக் கேட்டு அவர் சொல்லித்தான் ஆம்புலன்ஸ் படகு வந்தது. நல்லவேளை, சங்கை ஊதாமல் வந்தார்கள். நான் தண்ணீர் வாசலுக்குப் போனேன். படகில் இருந்தவன் துல்லியோ, என்னோடு படித்தவன்.

“ஆன்ஸோலோவுக்கு என்னமோன்னு போன் வந்துச்சே. இந்தப் படகை எடுக்கச் சொல்லு.”

“அவர் மெஸ்த்ரேல பொண்ணு வீட்டுக்குப் போயிருக்காருடா. சாவி என்கிட்டதான் இருக்கு, பாரு. எதிர்வீட்டம்மாவுக்கு நம்ம வயலின்தான் அலறல் மாதிரி கேட்டிருக்கும்.”

அவன் சிரித்துவிட்டான். “ஓசில ஏதாச்சும் குடு, போறேன்” என்றான். இரண்டு கேக் கொடுத்தேன். படகைத் திருப்பிக்கொண்டு போனான். அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்களாமே. அது அநியாயம். அவன்மேல் தப்பில்லை, நான் சொன்னால் யாராக இருந்தாலும் நம்புவார்கள்.

காப்பி முடிந்து எல்லோரும் படகேறிய பிறகு மேலே போனேன். தலையணை இருந்த இடத்தில் அவர் இல்லை. கதவு வரைக்கும் ஊர்ந்து வந்திருந்தார். அந்தத் தட்டுச் சோறு அப்படியே இருந்தது, ஆறிப்போய்.

கீழே அத்தனை மருத்துவர்கள் இருந்தார்களே, ஒருவர் காதில் சொல்லியிருக்கக் கூடாதா என்று நேற்றும் கேட்டீர்கள், இன்றும் கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அத்தனை பேரும் கரண்டியைப் போட்டுவிட்டு மேலே ஓடியிருப்பார்கள். அவரைப் பிழைக்க வைத்தும் இருப்பார்கள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

ஆனால் வாக்குமூலத்தில் என்னை இரக்கமற்றவள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள் ஐயா. அவ்வளவு தூரம் வந்த மனிதர்கள், அன்று ஒருவர் மனம்கூடச் சங்கடப்பட நான் விடவில்லை.