காய்ச்சலன்று நின்ற மாத்திரை

என் பெயர் மூஸா ஸரீர். வயது ஐம்பத்திரண்டு. தகப்பனார் பெயர் அலி ஸரீர், காலமாகிவிட்டார். கனிமாஃபுஷி தீவில் ஃபினிஃபென்மாகே என்ற வீட்டில் தங்கை ரமீலாவின் குடும்பத்தோடு வசிக்கிறேன். முப்பது வருடமாக மீன்பிடித் தோணிக்குக் கேப்டன். எழுதப் படிக்கத் தெரியும். 2019 ஜூன் 29 அன்று தீவுக் காவல் நிலையத்தில் சார்ஜன்ட் ஸமாஹ் முன்பாக இதைச் சொல்கிறேன். வானிலை எச்சரிக்கை நாளில் கடலுக்குத் தோணியை எடுத்தது பற்றி விசாரிக்கத்தான் என்னை அழைத்தார்கள். அதற்கு முதல் நாள் நான் செய்ததை யாரும் கேட்கவில்லை. அதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். அது இல்லாமல் இது விளங்காது.

ஆயிஷத் லுபானா என் தங்கை மகள். வயது இருபத்து நான்கு. இங்குள்ள பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். கைக்குழந்தையாக இருந்தபோதே தலசீமியா என்று கண்டுபிடித்தார்கள். அவள் உடம்பு போதுமான ரத்தத்தை உண்டாக்காது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை என் தோணியில்தான் பெரிய தீவின் மருத்துவமனைக்குப் போய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவாள். ஏற்றுகிற ரத்தத்தில் உள்ள இரும்பு வெளியேற வழியில்லாமல் இதயத்திலும் ஈரலிலும் படியும். அதை இழுத்துச் சிறுநீரில் தள்ளுவதற்கு மாத்திரை உண்டு. வேளைக்கு மூன்று, தினம் மூன்று வேளை. அவளுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே அவளுக்குள் படிந்த இரும்பில் என் பங்கும் இருக்கிறது.

பதினாறு வயதில் அவள் நான்கு மாதம் மாத்திரைகளைத் துறைமேடையிலிருந்து கடலில் போட்டுவிட்டு, சாப்பிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இதயம் தளர்ந்து தலைநகர் மாலேயில் ஒன்றரை மாதம் கிடந்தாள். அதன் பிறகு தீவே காவலுக்கு நின்றது. கடைக்காரர் சாமானை நிறுக்கும் முன், "மாத்திரை போட்டாச்சா டீச்சர்?" என்பார். மோதினார் பாங்கு சொல்லிவிட்டு எங்கள் வீட்டு வாசலில் ஒரு குரல் கொடுப்பார். அவள் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கேட்பார்கள். "போட்டாச்சுடா, நாக்க நீட்டிக் காட்டட்டுமா?" என்பாள்.

மாலேயிலிருந்து திரும்பிய பிறகு அவள் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை என்பது எனக்குத் தெரியும். வாராவாரம் ரத்தம் எடுத்து அனுப்பி, வெள்ளை அணு எவ்வளவு என்று நோட்டில் எழுதி வைப்பாள். அந்த மாத்திரை சிலருக்கு வெள்ளை அணுக்களை அழித்துவிடுமாம். என் இஞ்சினை நான் இத்தனை கவனமாகப் பார்த்ததில்லை. மருத்துவமனையில் கொடுத்த தாள் ஒன்றை ஆறு வருடத்துக்கு முன் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். சில மாதம் கழித்து, மாத்திரை வேளை தவறக் கூடாது என்று, அதன் மேலேயே தொழுகை நேர அட்டையை ஒட்டினேன். ஒட்டியது நான்தான்.

ஜூன் 18, செவ்வாய்க்கிழமை காலை லுபானாவுக்குக் காய்ச்சல், தொண்டை வலி. அன்று காலை அவள் மாத்திரையை விட்டுவிட்டாள். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினாள். உடனே வந்து ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். காற்று பலமாக இருந்ததால் ஆரஞ்சு எச்சரிக்கை போட்டிருந்தார்கள், ஃபெரி இல்லை. அந்த வாரத்து ரத்தமும் அதனால் போகவில்லை. அணுக்களை எண்ணும் கருவி நம் தீவில் கிடையாது. தோணியை எடுக்கும்படி என்னிடம் கேட்டாள். "தொண்டை வலிக்கெல்லாம் கடல்ல விழணுமாடி?" என்றேன். "காய்ச்சல்னா மாத்திரைய நிறுத்திட்டு ரத்தம் பாக்கணும் மாமா, அதான் விதி" என்றாள். "மாத்திரையக் கடல்ல போட்டப்பவும் இப்படித்தான் ஏதோ கதை சொன்ன" என்றேன். அவள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அதன் பிறகு மதியம், அவளுடைய பெட்டியிலிருந்து மூன்று மாத்திரைகளை எடுத்துப் பொடித்து, சோற்றில் போடும் ரிஹாக்குருவில் கலந்தேன். மீனைக் காய்ச்சிக் குறுக்கிய அந்தக் குழம்பின் உப்பில் எந்தக் கசப்பும் தெரியாது. காய்ச்சல் வாய்க்கு ருசியும் தெரியவில்லை. மஃரிபு தொழுகைக்குப் பிறகு, இரவுச் சோற்றில் இன்னும் மூன்று. ரமீலாவுக்குத் தெரியாது. நான் லுபானாவின் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு தூங்கினேன் என்பதையும் எழுதிக்கொள்ளவும்.

புதன்கிழமை காலை சுப்ஹு தொழுதுவிட்டு வந்தபோது லுபானா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமா, நேத்து எனக்கு மாத்திரை குடுத்தீங்களா?" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். மாத்திரை இரும்பை இழுக்கும்போது சிறுநீர் சிவந்து போகும். நிறுத்தியதிலிருந்து தெளிகிறதா என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். முந்தின நாள் மதியம் தெளிந்தது, அன்று காலை மறுபடி சிவப்பு. "எத்தன?" என்றாள். ஆறு என்றேன். நோட்டை எடுத்து நேரத்தோடு எழுதினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதன் பிறகு தொழுகை அட்டையைப் பிய்த்து எடுத்து, "படிங்க" என்றாள். உரக்கப் படித்தேன். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் இந்த மாத்திரையை உடனே நிறுத்தவும், அன்றே ரத்தத்தில் வெள்ளை அணுக்களைப் பார்க்கவும், தாமதம் உயிருக்கு ஆபத்து என்று இருந்தது. ஆறு வருடமாக அந்தக் கதவைத் திறந்து தண்ணீர் குடித்தவன் நான்.

(கேள்விக்குப் பதிலாக) எச்சரிக்கை அமலில் இருப்பது எனக்குத் தெரியும். துறைமேடையில் காவலர் தடுத்தார். "லைசன்ஸ் போயிடும் கேப்டன்" என்றார். "போகட்டும் தம்பி, தள்ளு" என்றேன். கயிற்றை அவிழ்த்துவிட்டது யார் என்று நான் பார்க்கவில்லை. தோணியில் நான், லுபானா, ரமீலா மூவர்தான். மூவரும் மிதவை உடுப்பு அணிந்திருந்தோம்.

கடலில் இரண்டரை மணி நேரம் ஆயிற்று. லுபானா முகக்கவசத்தோடு, மடியில் வாளியோடு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் நூற்று மூன்றுக்கு மேல். நான் அலையில் முட்டி முட்டி ஓட்டினேன். "மாமா, மெதுவா. எம்மேல உள்ள கோவத்த இஞ்சின்ல காட்டாதீங்க" என்றாள். "உம்மேல இல்லடி, எம்மேல" என்றேன். "அதுக்கும் அது என்ன பண்ணும், பாவம்" என்றாள்.

மருத்துவமனை வாசலில் யாரும் கேட்பதற்கு முன்பே அவளே சொன்னாள். "இந்த மாத்திர சாப்பிடுறேன். நேத்து காலையில நிறுத்திட்டேன். ஆனா எனக்குத் தெரியாம ஆறு உள்ள போயிருக்கு." நோட்டை நீட்டினாள். யார் கொடுத்தது என்று மருத்துவர் கேட்டார். "எம்மேல ரொம்பப் பாசம் உள்ளவங்க, டாக்டர். அத அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல ஊசியப் போடுங்க" என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்று ரத்தத்தில் தெரிந்தது. தனி அறையில் வைத்து மருந்துகள் ஏற்றினார்கள். இன்னும் ஒரு நாள் வீட்டில் இருந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, ரமீலாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆறு நாள் கண்ணாடிக்கு வெளியே இருந்தேன். ஏழாம் நாள் எண்ணிக்கை ஏறியது. நேற்று எழுந்து நடந்தாள்.

அந்த மாத்திரை இனி அவளுக்கு ஒருபோதும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இரும்பை வெளியேற்ற, சிறுபிள்ளையில் அழுது அழுது போட்டுக்கொண்ட ஊசிப் பம்புதான் மறுபடியும், வாரத்தில் ஐந்து நாள், வயிற்றுத் தோலில். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் மருத்துவரிடம் கேட்டது ஒன்றுதான். "இதுல காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்? அத மொதல்ல எழுதிக் குடுங்க." தாள் கைக்கு வந்ததும் என்னிடம் கொடுத்து, "நீங்களே ஒட்டுங்க மாமா" என்றாள். தீவுக்குத் திரும்பி, அதே கதவில் ஒட்டிவிட்டுத்தான் நிலையத்துக்கு வந்தேன். அதன் மேல் எதுவும் இல்லை.

தோணி உரிமத்தைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறதோ அதற்குக் கட்டுப்படுகிறேன். புதன்கிழமை கடலுக்குப் போனது என் குற்றமென்றால், செவ்வாய்க்கிழமை போகாதது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதைச் சார்ஜன்ட் எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் திருத்தம் சொன்னேன். செவ்வாய்க்கிழமை காலை 'மாத்திரையை விட்டுவிட்டாள்' என்று என் வாயால்தான் வந்திருக்கிறது. அது அன்று நான் நினைத்தது, நடந்தது அல்ல. அதை அடித்துவிட்டு, 'தாளில் உள்ளபடி சரியாக நிறுத்தினாள்' என்று எழுதும்படி கேட்டேன். எழுதினார். திருத்தத்தின் பக்கத்தில் தனியாகவும், கீழேயும் கையொப்பம் இடுகிறேன். மற்றவை எல்லாம் நான் சொன்னபடியே இருக்கின்றன, நான் அறிந்தவரை உண்மை.

(ஒப்பம்)
மூஸா ஸரீர்