வலது காலின் வெளி விளிம்பு

ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்கில் விற்கிற காபியைப் போல மட்டமான காபியை நான் வேறெங்கும் குடித்ததில்லை. ஆறு வருடம் அதைக் குடித்தேன். பெற்ற பெண்ணுக்காக ஒரு மனிதன் என்னவெல்லாம் தாங்கிக்கொள்கிறான் பாருங்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டும் குடித்தேன்.

என் பெயர் திருமூர்த்தி. கோயம்புத்தூரில் அப்பாவுக்கு லேத் பட்டறை. எனக்கு அமெரிக்காவில், கலிபோர்னியா ஃப்ரீமான்ட்டில் சாஃப்ட்வேர் வேலை. மகள் வான்மதியை 1992-ல் ஸ்கேட்டிங்கில் சேர்த்தது முழுக்க முழுக்க என் யோசனை. ஃப்ரீமான்ட்டில் எல்லாத் தமிழ் வீட்டுப் பெண்களும் பரதநாட்டியம் கற்றுக்கொண்டிருந்தார்கள். காலேஜ் அப்ளிகேஷன்களைப் படிக்கிற ஆள் சலங்கையைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருப்பார், நடுவில் ஒரு தமிழ்ப் பெண் ஐஸில் வந்து நின்றால் நிமிர்ந்து உட்காருவார் என்று கணக்குப் போட்டேன். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற ஒரு பாட்லக் விருந்தில் இதைப் பெருமையாகச் சொன்னபோது பக்கத்து வீட்டு புஷ்பவல்லி, "சரி, அரங்கேற்றத்துக்கு எல்லாரும் ஸ்வெட்டரோட வரணுமா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

முதல் வகுப்பில் விழச் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கும் ஃபீஸ் கட்டியிருந்தேன். முட்டியை மடக்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றாமல் விழ வேண்டும். பிறகு தானாக எழ வேண்டும். எட்டு வயது வான்மதி விழுந்து எழுந்தவுடன் என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். ஒவ்வொரு நிலை முடிந்ததும் ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். என் மனைவி கலாவதி அவற்றை ஜாக்கெட்டில் தைத்தாள். நான் ஸ்கேட்டைத் துடைத்து, ஈரம் போக்கி, பிளேடைப் பார்த்து வைப்பேன். பட்டறைக்காரன் மகனுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

பெண் கெட்டிக்காரியாகிவிட்டாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கும்பல் வகுப்பு போய்த் தனிக் கோச் வந்தாள், பெயர் லிண்டா. போட்டிகள் வந்தன. கறிக்கு உப்பாக இருக்கட்டும் என்று சேர்த்தது, சட்டி முழுக்க உப்பாகிவிட்டது. இப்போதெல்லாம் வான்மதி விழுந்து எழுந்தால் லிண்டாவைத்தான் பார்த்தாள். என் கட்டைவிரல் சும்மா இருந்தது.

1998 அக்டோபர் போட்டியில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் கொலராடோவுக்குப் போய்த் தங்கி முழுநேரமாகப் பயிற்சி எடுக்கலாம் என்றாள் லிண்டா.

"ஏனுங்க, புள்ளைக்கு அவ்வளவு ஆசையா இருக்குது. போயிட்டு வரட்டுமே" என்றாள் கலாவதி.

"படிப்பு என்ன ஆகறது?"

"இட்ஸ் ஒன்லி ஸ்கூல், அப்பா" என்றாள் வான்மதி.

அந்த வார்த்தைக்குப் பிறகு நான் செய்ததை எந்தத் தகப்பனும் புரிந்துகொள்வான். ஸ்கேட் பிளேடின் அடியில் நீளமாக ஒரு பள்ளம் ஓடும். அதன் இரண்டு பக்கமும் இரண்டு கூர் விளிம்புகள். வான்மதி எந்தத் தாவல் தாவினாலும் வந்து இறங்குவது வலது காலின் வெளி விளிம்பில். போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. கலாவதி மௌரி அவென்யூ இந்தியக் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாள். நான் கராஜில் உட்கார்ந்து, ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணெய்க் கல்லால் அந்த விளிம்பின் பின்பாதியை மட்டும் கண்ணுக்குத் தெரியாதபடி மழுக்கினேன். கூர் ஏற்ற அப்பா சொல்லிக்கொடுத்தார். இறக்க நானாகவே கற்றுக்கொண்டேன். விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. சின்னதாக ஒரு தடுமாற்றம், ஐந்தாவது இடம், அவ்வளவுதான். ஐந்தாவதாக வந்து யாரும் செத்ததில்லை.

போட்டிக்கு முன் சற்று நேரம் பழகிப் பார்க்க விடுவார்கள். அப்போது வான்மதி தடுப்புக்கு ஓடிவந்தாள். லிண்டா பக்கத்திலேயே நின்றிருந்தும் என்னிடம்தான் வந்தாள்.

"அப்பா, சம்திங்ஸ் ராங். மை ரைட் ஃபுட் கீப்ஸ் ஸ்லிப்பிங்."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, மறைப்பானேன்.

"நேத்துத்தான் நானே பார்த்தேன் கண்ணு. பிளேடு நல்லாத்தான் இருக்குது. எல்லாம் டென்ஷன். தைரியமாப் போய் ஆடு."

தலையாட்டிவிட்டுப் போனாள். நான் சொன்னால் நம்புவாள், நல்ல பெண்.

முதல் தாவலிலேயே வலது கால் வழுக்கிக்கொண்டு போனது. கற்றுக்கொடுத்தபடி விழ அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. விழுந்தவள் எழவும் இல்லை. தலையை மட்டும் தூக்கிக் கூட்டத்தில் என்னைத் தேடினாள். பழக்கதோஷம், நான் கட்டைவிரலை உயர்த்திவிட்டேன்.

முழங்கால் ஜவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். இனித் தாவக் கூடாது என்று டாக்டர் சொன்னார். லிண்டா பிளேடைப் பார்ப்பதற்கு முன்பே அதைச் சாணை பிடிக்கிறவரிடம் கொண்டுபோய்ச் சரிசெய்துவிட்டேன். அவர் விளிம்பைத் தடவிப் பார்த்து, சிமென்ட் தரையில் நடந்தாளா என்று கேட்டார். ஆமாம், கவனமில்லாத பெண் என்றேன். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

அந்தக் குளிர்காலம் முழுவதும் என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் மாடிப்படி ஏறினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமான நாட்கள் முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

போன வருடம் காலேஜ் அப்ளிகேஷனுக்குக் கட்டுரை எழுதினாள். அந்த விழுதலைப் பற்றித்தான். பிளேடு நன்றாகவே இருந்தது, என் பயம்தான் என்னைத் தள்ளிவிட்டது என்று எழுதியிருந்தாள். என்னிடம் படிக்கக் கொடுத்தாள். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தது, அதை மட்டும் திருத்தினேன். காலேஜ்காரர்கள் கட்டுரையைப் பாராட்டி இடம் கொடுத்துவிட்டார்கள். என் பழைய கணக்கு பலித்துவிட்டது பாருங்கள். படிப்புக்காகத்தானே எல்லாம் செய்தேன், நான் ஆனந்தக் கூத்தாட வேண்டும்.

காலேஜ் தெற்கே, லாஸ் ஏஞ்சலஸையும் தாண்டி. அடுத்த வாரம் பழைய கரோலாவைத் தானே ஓட்டிக்கொண்டு போகிறாள். லீவுக்கெல்லாம் வருவாயா என்று கேட்டேன். "வீ வில் ஸீ, அப்பா" என்றாள். நேற்று மாடியிலிருந்தே கூப்பிட்டு, "அப்பா, கார் செக் பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். இந்த மாதிரி வேலைக்கு அவள் வேறு யாரையும் நம்புவதில்லை.

சனிக்கிழமை பார்க்கிறேன் கண்ணு என்றேன். அன்றைக்குக் கலாவதி மௌரி அவென்யூவுக்குப் போவாள். பிரேக்கில் கை வைக்க மாட்டேன், நான் அவ்வளவு மோசமானவன் இல்லை. சின்னதாக ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான்.